எங்கே உண்பது?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களில் சிலர் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி வேறு நிலையத்துக்குப் போய்விடக்கூடும். நகரத்தில் இரண்டு உணவுச்சாலைகள் இருக்கின்றன. இரண்டையும் எல்லோரும் புகழ்கிறார்கள். நமக்கோ ஒரு வேளை உணவுக்குத்தான் நேரமும் பணமும் உண்டு. எதற்குள் நுழைவது? பொருள் இவ்வளவுதான். "பசித்தவன் முதலில் தென்படும் கடையில் நுழைய வேண்டியதுதானே, இதற்கும் ஒரு பேச்சா?" என்று நீங்கள் கேட்கலாம். நகரத்தில் குடியிருப்பவருக்கு அது சரியான விடையே. இன்று ஒன்று, நாளை மற்றொன்று என்று அவர் இரண்டையும் பார்த்துவிடுவார். தவறிப்போனாலும் ஒரு வேளைச் சோறுதான் நட்டம்.

மஸ்கெலியாவிலிருந்து கொழும்புக்கு வருகிறவனுடைய கணக்கு வேறு. அவன் விடியுமுன் எழுந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு பஸ் ஏறி, நோர்வூட், ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று மலையிறங்கி, வளைவுதோறும் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு வந்து சேர்கிறான். வந்த காரியம் மருத்துவமனையிலோ, கடவுச்சீட்டு அலுவலகத்திலோ, ஏதேனும் ஒரு வழக்கிலோ இருக்கும். அதற்கிடையில் அவன் உண்ணும் ஒரு வேளை உணவு ஆண்டுக்கொரு முறை வருவது. அடுத்த முறை எப்போது என்று சொல்வதற்கில்லை.

பிரான்சு தேசத்தில் மிச்செலின் என்னும் டயர்க் கம்பனியார் 1900-ஆம் ஆண்டில் மோட்டார் ஓட்டுவோருக்கென ஒரு சிறு கையேட்டை வெளியிட்டு இலவசமாக வழங்கினார்கள். மக்கள் நெடுந்தூரம் ஓட்டினால் டயர் தேயும், தேய்ந்தால் புதியது வாங்குவார்கள் என்பது அவர்களுடைய வணிக நோக்கம். அந்தக் கையேடு பிற்காலத்தில் உலகத்துச் சமையற்காரர்களெல்லாம் அஞ்சும் நூலாக வளர்ந்தது. 1926-இல் நல்ல உணவுச்சாலைகளுக்கு நட்சத்திரக் குறி இடத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று படி வகுத்தார்கள். அந்தப் படிகளுக்கு அவர்கள் கொண்ட அளவுகோல் வேடிக்கையானது. ஒரு நட்சத்திரம் பெற்ற கடை அதனதன் வகையில் நல்லது. இரண்டு பெற்றது, போகும் வழியை விட்டுச் சற்று விலகிப் போய்வரத் தகுந்தது. மூன்று பெற்றதோ, அதற்கென்றே பயணம் புறப்படத் தகுந்தது. நாவின் சுவையை வழித்தூரத்தால் அளந்தவர்கள் டயர் விற்பவர்கள் என்பதில் வியப்பில்லை. மஸ்கெலியாக்காரனுக்குக் கொழும்பில் எந்தக் கடையும் அந்த மூன்றாம் வகையைச் சேர்ந்ததாகவே ஆகிவிடுகிறது. ஒரு தோசைக்காக அவன் நான்காயிரம் அடி இறங்கி வருகிறான்!

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பொருள் பிடிபடாது. எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் என் அக்கா இந்தியாவிலிருந்து வந்தார். நாற்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்தார் என்று சொன்னால்தான் அந்த வருகையின் கனம் விளங்கும். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மலையகத்தில் அறியாதவர் இல்லை. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று, மூட்டை பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்தார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் இங்கே நின்றோம். அக்காவோ 1974-இல் தமது பத்தொன்பதாம் வயதில் மணம் முடித்துப் போன வீட்டார் இந்தியப் பிரசையானவர்கள். கணவனோடு அவரும் போக வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அரிசியும் கோதுமை மாவும் அருகிப்போய்த் தோட்டங்களில் பட்டினி புகுந்திருந்த காலம் அது. மரவள்ளிக்கிழங்குதான் காலையும் மாலையும். ஹட்டன் புகையிரத நிலையத்தில் அக்காவை வழியனுப்பியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தலைமன்னார் வரைக்கும் ரயில், அப்பால் கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம் என்ற பெயர்களைப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கை வாழையிலையில் கட்டி அக்காவின் கையில் கொடுத்தார். கூடவே ஒரு துண்டு காகிதத்தில் உப்பும் மிளகாயும். வேறு கொடுக்க வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை. "பிள்ளைய ஒரு வாய்ச் சோறு குடுத்து அனுப்ப முடியலையே" என்பதை அம்மா தம் இறுதி நாள் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆகவே, திரும்பிப் போகும் வழியில் ஓர் இரவு கொழும்பில் தங்கப்போகும் அக்காவுக்கு எங்கே உணவு வாங்கிக் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது, அது வெறும் சாப்பாட்டுக் கேள்வியாக எங்களுக்குத் தோன்றவில்லை.

வந்திருந்த இருபது நாளும் அக்கா மஸ்கெலியாவை விட்டு நகரவில்லை. பெற்றோரைப் புதைத்த இடத்தைப் பார்த்தார். பழைய லயத்தின் வாசற்படியில் உட்கார்ந்தார். சிவனொளிபாதமலைக்கு யாத்திரிகர் வரும் பருவமாதலால் கடைத்தெரு நிறைந்திருந்தது. மார்கழியில் வரும் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும் நல்லதண்ணிக்குப் போகும் பஸ்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும். ஒரு மாலை மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையில் நின்று, நீரின் நடுவே கையை நீட்டி, "அங்கதானே தம்பி பழைய பஜார்" என்றார். புதிதாக வருவோர் அறிந்திருக்கமாட்டார்கள். இன்றைய மஸ்கெலியா நகரம் பழைய மஸ்கெலியா அன்று. 1969-இல் மவுசாக்கலை அணை எழும்பியபோது பழைய நகரம் நீருக்குள் போயிற்று. வறட்சியில் நீர் வற்றினால் அந்தக் கோவிலும் பள்ளிவாசலும் புத்தர் சிலையும் சேற்றிலிருந்து தலை காட்டும். கடைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கல்லாகக் கட்டியவை நின்றன, தகரமும் பலகையும் போய்விட்டன.

இனிக் கொழும்புக்கு வருவோம். என் மைத்துனர் லொறி ஓட்டுபவர். கொழும்பின் சந்துபொந்தெல்லாம் அறிந்தவர். முதலில் அவர் புகாரி ஹோட்டல் புரியாணி என்று ஆரம்பித்தார். அது நல்ல யோசனைதான். கொழும்பில் உணவகத் தொழிலில் தேர்ந்த ஏ. எம். புகாரி என்பவரே பின்னர் சென்னைக்குப் போய் 1951-இல் மவுண்ட் ரோட்டில் புகாரி உணவகத்தைத் தொடங்கினார் என்பதும், 'சிக்கன் 65' என்னும் பண்டம் 1965-இல் தங்களிடத்தில்தான் பிறந்தது என்று அந்தக் கடையார் உரிமை கொண்டாடுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இரு கரைக்கும் உறவான கடை. ஆனால் அக்கா பங்குனி விரதத்தில் இருந்தார். ஆகவே புரியாணி தள்ளிப்போய், சைவக் கடைகள் இரண்டு மிஞ்சின. ஒன்று பம்பலப்பிட்டியில் காலி வீதியின் மேல் இருந்த சரஸ்வதி லொட்ஜ். மற்றது வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியிலிருந்த சண்முகாஸ்.

இரண்டுக்கும் புகழ் உண்டு. சரஸ்வதி லொட்ஜ் ஆடம்பரம் அறியாத பழைய பாணிக் கடை. கந்தோர் உத்தியோகத்தரும், மாணவரும், முதுகில் மூட்டை சுமந்த வெள்ளைக்காரரும் ஒரே மேசையில் நெருங்கி உட்கார்ந்து தோசையைப் பிய்ப்பார்கள். கேட்டது உடனே வரும், விலை கையைக் கடிக்காது. சண்முகாஸ் குளிரூட்டிய மண்டபம். தோசை என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை வடிவம் உண்டா என்று மலைக்கும்படி நீண்ட பட்டியல். குடும்பத்தோடு வருவோர் மிகுதி. விலை சற்றுக் கூடுதல். மைத்துனர் முதற்கடைக்கு வாக்களித்தார். என் மகன் இரண்டாவதற்கு. அவன் தன் கைத்தொலைபேசியில் ஊரார் இட்ட நட்சத்திரங்களை எண்ணிக் காட்டினான். எண்ணிப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. முன்பின் தெரியாதவர் நூறு பேர் ஒரு கடையைப் புகழ்ந்தால், அந்தக் கடை நல்ல கடை என்பது தெரியும். எனக்கு ஏற்ற கடையா என்பது தெரியாது. அந்த நூறு பேரில் ஒருவரும் என் அக்காவை அழைத்துக்கொண்டு போனவர் அல்லரே!

நல்ல கடைகள் ஏன் இப்படி ஒன்றுக்கொன்று அருகில் அமைந்து நம்மைத் தடுமாறச் செய்கின்றன என்று ஒரு கேள்வி. பொருளியல் அறிஞர் ஒருவர் 1929-இல் இதற்கு விடை எழுதினார். அவர் பெயர் ஹரோல்டு ஹோட்டலிங். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே அதுதான் பெயர். ஒரு நீண்ட தெருவில் இரண்டு வியாபாரிகள் இருந்தால், வாடிக்கையாளரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஆசையில் ஒவ்வொருவரும் மற்றவரை நோக்கி நகர்ந்து நகர்ந்து, முடிவில் இருவரும் தெருவின் நடுவில் வந்து அடுத்தடுத்து நிற்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். இடத்தில் மட்டுமன்று, சரக்கிலும் அப்படியே ஒத்துப்போவார்கள் என்றார். வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையே காலி வீதியில் நடந்து பார்த்தவருக்கு இந்தச் சூத்திரத்தை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் குழப்பத்தைத் தீர்த்தவன் என் பழைய மாணவன் ஒருவன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குப் போனவன். அவனுடைய தகப்பனார் நோயில் விழுந்தபோது, "இன்னும் ஓராண்டு படிக்கட்டும்" என்று சொல்ல அவர்கள் லயத்துக்கு நான் போயிருக்கலாம். போகவில்லை. அந்த நினைவு இருப்பதால் அவனைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு கூச்சம். அவனுக்கு அதெல்லாம் இல்லை. "சேர், சேர்" என்று ஓடி வருவான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் கொழும்புக் கடைகளில் கோப்பை கழுவி, மேசை துடைத்து, மாவரைத்து நிற்கிறார்கள் என்பதை நேயர்கள் அறிவீர்கள். கடைகளைப் பற்றி அறிய விரும்புவோர் அவர்களைக் கேட்பதில்லை. நான் கேட்டேன்.

அவன் முதலில் மாவைப் பற்றிப் பேசினான். தோசை மாவு புளிப்பது வெப்பத்தைப் பொறுத்தது. எங்கள் ஊர்க் குளிரில் இரவு கரைத்து வைத்த மாவு காலையில் அசையாமல் கல்லுப்போல் கிடக்கும். அடுப்பங்கரையில் வைத்துச் சாக்கினால் மூடித் தூங்கவைக்க வேண்டும். கொழும்பில் எதிர்மாறு. காலையில் பொங்கிய மாவு மாலைக்குள் புளித்து முகத்தைச் சுளிக்க வைக்கும். ஆகவே இந்த நகரத்தில் ஆள் வந்து குவியும் கடையில் மாவு நிற்காது. நிற்காத மாவு கெடாது. "கூட்டத்தப் பாத்துப் பயப்படாதீங்க சேர், கூட்டம் இல்லாத கடைக்குத்தான் பயப்படணும்" என்றான். கடையைச் சோதிக்க வேண்டுமானால் மசாலாவும் நெய்யும் போட்டதைக் கேட்காமல் வெறுந்தோசையைக் கேளுங்கள் என்றான். பின்பு, வேலை செய்யும் பையன்கள் அதே சாம்பாரைத்தான் ஊற்றிக்கொள்கிறார்களா என்று பாருங்கள் என்றான். இந்த மூன்று சோதனையிலும் இரண்டு கடையுமே தேறிவிடும் என்பதையும் அவனே சொல்லிவிட்டான்.

"பிறகு எதற்குத்தான் போவது?" என்றேன்.

அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். "அக்கா எத்தன வருசத்துக்குப் பிறகு வந்திருக்காங்க சேர்?"

"நாற்பத்துநாலு."

"அப்ப சண்முகாசுக்குக் கூட்டிட்டுப் போங்க. மற்றதுல சாப்பாடு குறைவுன்னு இல்ல. அங்க பின்னுக்கு ஆள் நிப்பாங்க. எழும்பினா உக்கார. பின்னுக்கு ஆள் நிக்கிற மேசையில நாற்பத்துநாலு வருசத்தக் கதைக்க ஏலாது."

இலையில் விழுவதையே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவனோ மேசை துடைப்பவன். ஒரு மேசையில் மனிதர் எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்பதைத் தினமும் பார்ப்பவன். 

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். என் தங்கை அப்போது தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டில் அடிப்படைச் சம்பளம் நாளொன்றுக்கு 500 ரூபாய். வருகைக்கும் கொழுந்தின் நிறைக்கும் உரிய கொடுப்பனவுகளெல்லாம் முழுதாகக் கிடைத்தால் 730. நாள் தவறினால் அந்தக் கொடுப்பனவில் வெட்டு விழும். ஆகையால் கொழும்புக்கு வந்தால் இரண்டு பேர் போய்விடும் என்று அவள் வரவில்லை. மலையகத்துக்கு வெளியே உள்ள நேயர்களுக்காகச் சொல்கிறேன், 'பேர்' என்றால் எங்களிடத்தில் ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் விழும் பதிவு. ஹட்டன் வரைக்கும் வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, என் கையில் ஓர் ஆயிரம் ரூபாய்த் தாளை மடித்து வைத்தாள். "அக்காவுக்கு நல்ல கடையில வாங்கிக் குடுங்க. இது என்னோட பங்கு." அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் நாளொன்றுக்கு 1000 ரூபாய் வேண்டும் என்று தோட்டங்களெங்கும் போராட்டம் நடந்தது. அந்த 1000 ரூபாய் 2021-இல் கிடைத்தது. 2024 செப்டம்பரில் அது 1350 என்று வர்த்தமானியில் வந்தது. விலைவாசி அதற்குள் எங்கே போய்விட்டது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு மாலை ஐந்து மணிக்குச் சண்முகாசில் போய் உட்கார்ந்தோம். நெருக்கம் கூடாத நேரம். அக்கா அந்த நீண்ட பட்டியலைக் கையில் வாங்கி, முதலிலிருந்து கடைசி வரை பரீட்சைத் தாளைப்போல் வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "ரெண்டு இட்லி, ஒரு உளுந்து வடை" என்றார். என் மகனுக்கு ஏமாற்றம். "மாமி, அது எங்கயும் கிடைக்குமே, வேற ஏதாவது எடுங்க" என்றான். "எனக்கு வடைதான் வேணும் ராசா" என்றார் அக்கா. வடை வந்தது. அதை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என் தட்டில் வைத்தார். பிறகு சிரித்தார்.

"பழைய பஜார்ல அப்பா சம்பளத்தன்னைக்கு வடை வாங்கித் தருவாரே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பழைய மஸ்கெலியா நீருக்குள் போனபோது எனக்கு ஏழு வயது. நினைவில் நிற்கும் மிகச் சில காட்சிகளில் அது ஒன்று. எதிரெதிராக இரண்டு கடைகள். ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்னிறமான வடைகள் அடுக்கியிருக்கும். உள்ளே பளிங்குக்கல் பதித்த மேசைகள். மற்றது ஒரு மூலைக்கடை. பலகை வாங்கு, புகை, வடையோ எப்போதும் சற்றுக் கருகியே இருக்கும். அப்பா ஒவ்வொரு முறையும் எங்களை மூலைக்கடைக்குத்தான் அழைத்துப் போவார். நான் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து அழுவேன். "அந்தக் கடை எண்ணெய் காறல் எண்ணெய்டா, வயித்துக்கு ஆகாது" என்பார் அப்பா. நான் அதை நம்பினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடமும் சொன்னேன். ஆசிரியரான பின்புகூடப் பழைய ஊரைப் பற்றிப் பேச்சு வந்தால், அந்தக் கடை எண்ணெய் நல்ல எண்ணெய் அல்ல என்று சொல்லியிருக்கிறேன். அங்கே ஒரு முறையும் நான் உண்டதில்லை.

"காறல் எண்ணெயெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி" என்றார் அக்கா. "அந்தக் கடையில நம்ம ஆளுங்களுக்கு உள்ள இடம் இல்ல. பின்பக்க வாசல்ல நின்னு, வேற பேணியில வாங்கிக் குடிக்கணும். எனக்கு அம்மா சொன்னாங்க. நீ சின்னப் பிள்ள. உங்கிட்ட சொல்ல வேணாம்னு அப்பா சொல்லிட்டார்."

நேயர்களே, தட்டில் கிடந்த அரை வடையை நான் கொஞ்ச நேரம் தொடவில்லை.

வெளித் தேசத்தார் உணவுக்கு நட்சத்திரமிட்ட கதையை முன்பு சொன்னேன். நம்மவர் வரலாற்றில் கடை தெரிவதற்கு வேறொரு அளவுகோல் நெடுங்காலம் இருந்திருக்கிறது. சுவையைக் கேட்பதற்கு முன்னால், உள்ளே விடுவார்களா என்று கேட்க வேண்டியிருந்தது. இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957-இல் வந்தது. சாதி காரணமாகக் கடைகளில் ஒருவரைத் தடுப்பது அதன்படி குற்றமாயிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. வாங்குகள் பழைய இடத்தில்தான் இருந்தன. யாழ்ப்பாணத்தில் 1966 அக்டோபரில் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. அதைத் தொடர்ந்த காலத்தில் தேநீர்க்கடைகளுக்குள் நுழைந்து உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீர் குடிப்பதே போராட்டமாக நடந்தது. அதற்காக அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள், உயிர் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். கடலுக்கு அப்பால், சென்னைத் திருவல்லிக்கேணியில், முரளி கபே என்ற உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரி 1957-இல் பெரியாரின் திராவிடர் கழகத்தார் நாள்தோறும் மறியல் செய்தார்கள். அது மாதக்கணக்கில் நீண்டது. இன்று இரண்டு நல்ல கடைகளுக்கு நடுவே நின்று, இதுவா அதுவா என்று நாம் தடுமாறுகிறோம் என்றால், அந்தத் தடுமாற்றத்துக்கான உரிமையை யாரோ வாங்கித் தந்திருக்கிறார்கள்.

என் தந்தையார் பெரிய போராட்டம் எதுவும் நடத்தியவர் அல்லர். மறியலுக்குப் போகவில்லை, ஊர்வலத்தில் நடக்கவில்லை. தம் பிள்ளைகளைப் பின்வாசலில் நிறுத்துவதில்லை என்று மட்டும் முடிவு செய்திருந்தார். அதன் காரணத்தை ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல மனமில்லாமல் எண்ணெயின் மேல் பழியைப் போட்டார். கருகிய வடையை அவரும் எங்களோடு உட்கார்ந்து ருசித்துத்தான் தின்றார். "இதுதான்டா வடை" என்பார். அந்த வார்த்தைக்கு எத்தனை நட்சத்திரம் இடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று அந்த மேசையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்திருந்தோம். யாரும் எங்களை எழுப்பவில்லை. அக்கா கோத்தகிரியைப் பற்றிப் பேசினார். மண்டபம் முகாமில் கிடந்த நாட்களைச் சொன்னார். தாயகம் திரும்பியோருக்கென்று அரசாங்கம் நட்ட தேயிலையில் போய் மறுபடியும் அதே கூடையை முதுகில் மாட்டிக்கொண்டதைச் சொன்னார். அங்கேயும் குளிர்தான். அங்கேயும் தோசை மாவு பொங்குவதில்லையாம். "சிலோன்காரி மாவு பொங்காது" என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்களாம். இங்கே இந்தியாக்காரர் என்றார்கள், அங்கே சிலோன்காரர் என்றார்கள். அதைச் சொல்லும்போது அக்கா வருந்தவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். இடையில் இன்னும் இரண்டு வடை வரவழைத்தோம். பில் வந்தபோது தங்கை கொடுத்த ஆயிரம் ரூபாய்த் தாளை முதலில் வைத்தேன். மிச்சத்தை அதன்மேல் வைத்தேன். அது யாருடைய தாள் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா அந்தத் தாளை மட்டும் எடுத்துத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டு, தம்மிடமிருந்த வேறொரு தாளை அங்கே வைத்தார்.

விமானம் மறுநாள் பிற்பகல். காலையில் கட்டுநாயக்காவுக்கு வாகனம் வருமுன் ஒரு மணி நேரம் கையில் இருந்தது. மைத்துனர் விடவில்லை. தமது வாக்குத் தோற்றுப்போன வருத்தம் அவருக்கு. "தேத்தண்ணி மட்டுமாவது குடிச்சிட்டுப் போவோம்" என்று எங்களைச் சரஸ்வதி லொட்ஜுக்கு இழுத்துப் போனார். என் மாணவன் சொன்னது சரிதான். எங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். நின்றால் என்ன, பேச வேண்டியதை முதல் நாளே பேசிவிட்டோம். தேநீர் வந்தது. அக்கா தம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிச் சாயத்தைப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். "கீழ்நாட்டுத் தேயில கலந்திருக்கு. நிறம் வருது, வாசம் நம்ம மலை வாசம் இல்ல" என்றார். பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்தான். எந்த ஊர் என்று அக்கா கேட்டார். பொகவந்தலாவை என்றான். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், அப்பா பெயர் என்ன என்று அக்கா விசாரிக்கத் தொடங்கிவிட்டார். வெளியே வாகனக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.